புது கியருக்குப் பழைய குமிழ்

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு வாரமாகச் சோறு சரியாக இறங்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்தத்தில், பெண் வீட்டுக் கூடத்தில் தாம்பூலத் தட்டை நடுவில் வைத்துவிட்டு, "தாய்மாமன் யாருங்க, முன்னால வரச் சொல்லுங்க" என்று அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். நீ பாயிலிருந்து எழுந்து நின்று, "எங்கம்மா காலை முறிச்ச ஆளு என் மணவறைப் பக்கம் நிக்கக் கூடாது. அவரு வந்தா நான் தாலி கட்ட மாட்டேன்" என்று சொன்னாய். உன் அம்மா தன் வலது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் கையிலிருந்த காப்பியைக் குடித்து முடித்தேன். அன்றைக்கே நீ கோலாலம்பூர் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய்விட்டாய். இல்லாவிட்டாலும் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன், எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

பத்துப் பேர் முன்னால் நீ சொன்ன சொல்லுக்கு உன் காதில் மட்டும் பதில் சொன்னால் அது யோக்கியமாகாது. அதனால் இதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெண் வீட்டாருக்கும் நீயே படித்துக் காட்டு. நம் உறவில் யார் கேட்டாலும் கொடுப்பதற்கு இன்னொரு பிரதி எழுதி வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் உன் மாமா வேலுவின் இடம் எது என்பது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நம்முடைய பழைய பிக்கப் வண்டி உனக்கு நினைவிருக்கும். நீல நிறம், ஒரு பக்கக் கதவு கயிற்றில் கட்டியிருக்கும். தேக்கா மார்க்கெட்டிலிருந்து காய்கறி, தேங்காய், கோழி எல்லாம் ஏற்றிக்கொண்டு சாங்கியில் பட்டாளத்துக் கேண்டீனுக்குக் காலையில் போய் இறக்க வேண்டும். ஒருநாள் நானும் ஒருநாள் உன் மாமாவும் ஓட்டுவோம். அவன் உன் அம்மாவுக்கு ஒரே தம்பி. நம்மோடுதான் இருந்தான், நம் வீட்டில்தான் சாப்பிட்டான். உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு சிராங்கூன் ரோடு முழுக்கச் சுற்றியவன் அவன்தான். அது உனக்கு மறந்திருக்காது. மறந்ததுபோல் இருக்கிறாய்.

நீ ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் வண்டியின் எஞ்சின் போய்விட்டது. புகை விடும், எண்ணெய் குடிக்கும், கேலாங் தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்றுவிடும். கேண்டீன்காரர் இன்னும் ஒருமுறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பழைய எஞ்சினையே பிரித்துச் செப்பனிடலாம் என்று வேலு சொன்னான். நான் சுங்கை ரோடு பழைய சாமான் கடைகளைச் சுற்றி, விபத்தில் நொறுங்கிய ஒரு வேனிலிருந்து கழற்றிய எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஜோடியாகப் பிடித்தேன். அந்த எஞ்சின் வேண்டுமென்றால் அந்தக் கியர் பெட்டியும் வேண்டும், நம்முடைய பெட்டி அதோடு சேராது. "அத்தான், நம்ம வண்டி உடம்பு வேற, இது வேற. கொஞ்சம் யோசிங்க" என்றான் வேலு. எனக்கு அப்போது மூக்கு நுனியில் கோபம் இருந்த வயது. நான் யோசித்து முடித்துவிட்டேன் என்றேன். உண்மையில் யோசிக்கத் தொடங்கவே இல்லை.

ஜாலான் புசாரில் ஒரு சீனர் பட்டறை. அவர் பெயர் ஆ செங். தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, அரைகுறை மலாயில்தான் இருவரும் பேசிக்கொள்வோம். எஞ்சினை இறக்குவது என்றால் சும்மா இல்லை. முகப்பு மூடியைக் கழற்றி, தண்ணீரையும் எண்ணெயையும் வடித்து, வயர்களையும் குழாய்களையும் ஒவ்வொன்றாக விடுவித்து, பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை அவிழ்த்து, கடைசியில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒன்றாகச் சங்கிலிக் கப்பியில் தூக்க வேண்டும். பழையதைத் தூக்கிவிட்டோம். புதியதை உள்ளே இறக்கும்போது வேலு வண்டிக்குக் கீழே படுத்து, பெட்டியின் வாலைப் பிடித்து வழிகாட்டிக்கொண்டிருந்தான். "மெதுவா, அத்தான், மெதுவா விடுங்க" என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு அவசரம். சங்கிலியை ஒரு இழுப்பு அதிகமாக விட்டேன். எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து அரை அடி கீழே விழுந்தது. அவன் கையை இழுத்துக்கொண்டதால் விரல்கள் தப்பின, முழங்கையில் மட்டும் தோல் போனது.

வெளியே வந்து, "உங்க அவசரத்துக்கு ஒருநாள் யாராவது சாகப் போறாங்க" என்றான். பட்டறையில் ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "அக்கா வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எனக்கே பாடம் நடத்துறியா" என்றேன். அவன் கையிலிருந்த ஸ்பானரைத் துணியில் துடைத்து, கருவிப் பெட்டியில் அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு நான்கு நாள் நம் வீட்டில் அவன் சாப்பிடவில்லை. பஃபலோ ரோட்டில் தெரிந்த ஒருவர் அறையில் தங்கினான். உன் அம்மா தட்டு வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள். நான் பார்க்காதது மாதிரி சாப்பிடுவேன்.

அந்த நான்கு நாளில் மீதி வேலையை நானும் ஆ செங்குமே முடித்தோம். எஞ்சின் உட்காரும் இடம் பொருந்தவில்லை, இரும்புப் பட்டை வெட்டிப் பற்றவைத்தோம். நீளத் தண்டு மூன்று விரல் கூடுதலாக இருந்தது, அறுத்து ஒட்டினோம். தரையில் கியர் கம்பி வரும் ஓட்டையைப் பெரிதாக்கினோம். இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். பழைய பெட்டிக்கு நான்கு கியர். கம்பியை இடது பக்கம் தள்ளி மேலே போட்டால் முதல் கியர், வண்டி முன்னால் போகும். புதியதற்கு மூன்றே கியர். அதே இடது மேல் மூலையில் போட்டால் வண்டி பின்னால் வரும். முதல் கியர் அதற்கு நேர் கீழே இருந்தது. பட்டறைக்குள் முதல் தடவை நகர்த்தியபோது நானே பழைய பழக்கத்தில் மேலே தள்ளி, பின்னால் இருந்த எண்ணெய்ப் பீப்பாயைச் சாய்த்தேன். அப்புறம் இரண்டு நாள் சுற்றுவட்டாரத்தில் ஓட்டிப் பார்த்துக் கையைப் பழக்கிக்கொண்டேன்.

உன் அம்மா ஒன்று கேட்டிருந்தாள். கியர் கம்பியின் தலையில் இருந்த வெள்ளைக் குமிழை மட்டும் மாற்ற வேண்டாம் என்று. ஏழு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றிவிட்டு வந்து அந்தக் குமிழுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். ஏழு வருஷத்தில் வண்டி ஒரு கோழியின் மேல்கூட ஏறியதில்லை என்பாள். அந்தக் குமிழில் கியர் எண்கள் செதுக்கியிருக்கும். குங்குமம் பள்ளத்தில் ஏறி ஏறி, எண்கள் சிவப்பாக, படிக்கத் தெரியாதவனுக்கும் தெரிகிற மாதிரி இருக்கும். புதுக் கம்பியில் அது ஏறவில்லை. நான் விடவில்லை, குமிழின் துளையில் வேறு திருகுமரை வெட்டி ஏற்றினேன். ஆ செங் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். குமிழைத் தொட்டு, கியர் பெட்டியைக் காட்டி, "இனி லாயின், லாயின்" என்றார். மலாயில் 'இது வேறு' என்று அர்த்தம். எண்ணும் கியரும் வேறு வேறு என்று அந்த மனிதர் தன்னால் முடிந்த மொழியில் சொன்னார். எனக்கும் தெரியும். ஒரு அரம் எடுத்து எண்களைத் தேய்த்துவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. குங்குமம் வைத்த பொருளின் மேல் அரம் போட மனம் வரவில்லை. ஓட்டுவது நானும் வேலுவும்தானே, அவனிடம் சொன்னால் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சந்தில், சுவருக்கு நாலடி முன்னால் நிறுத்தினேன். உன் அம்மா பூசைக்கு எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். வேலுவுக்கும் ஆள் அனுப்பிவிட்டாள். அவன் வந்தான். அவள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "புது எஞ்சினை வேலு கையால முதல்ல ஓட்டட்டும். ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கிட்டு இருந்தது போதும்" என்றாள். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். சூடம் காட்டினாள், தேங்காய் உடைத்தாள், குமிழுக்குப் பொட்டு வைத்தாள். வண்டி முன்னால் போய்ப் பழத்தை நசுக்க வேண்டும் அல்லவா, அதனால் வழியை விட்டு ஒதுங்கினாள். எங்கே ஒதுங்கினாள்? வண்டிக்குப் பின்னால், சுவர் ஓரமாக. அவளுடைய கணக்கில் அங்கேதான் பத்திரம்.

நான் சாவியை வேலு கையில் கொடுக்கவில்லை. வண்டியின் முகப்பின் மேல் வைத்தேன். அவன் எடுத்துக்கொண்டு ஏறினான். "கியர் மாறியிருக்கு" என்று இரண்டே சொல். நாக்கு நுனி வரை வந்தது. மகனே, இதுவரை எழுதியது எல்லாம் எவனும் செய்யக்கூடிய முட்டாள்தனம். இனி எழுதப்போவதுதான் நான் செய்தது. அவன் கேட்கட்டும் என்று நின்றேன். "அத்தான், இதை எப்படிப் போடணும்" என்று ஒரு தடவை அவன் என்னிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கேட்காவிட்டால் பின்னால் ஒரு குதி குதித்து அசடு வழியட்டும், சந்தில் நாலு பேர் சிரிக்கட்டும் என்றும் ஆசை. உன் அம்மா பின்னால் போனதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனால் அது உண்மை.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. குமிழைப் பார்த்தான். சிவப்பாக எழுதியிருந்த ஒன்றாம் எண் பக்கம் கம்பியைத் தள்ளினான். புது எஞ்சின், நல்ல வலு. கிளச்சை விட்டதும் வண்டி பின்னால் பாய்ந்தது. அவள் சத்தம் போட்டாள் என்பார்கள், எனக்கு அது கேட்கவில்லை. சுவரில் இடித்த சத்தம் மட்டும் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் வலது கால் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. வேலு இறங்கி வந்து, வண்டியைத் தோளால் முட்டித் தள்ளினான். அவளைத் தூக்கி டாக்சியில் ஏற்றிய பிறகு திரும்பிப் பார்த்தேன். சக்கரத்துக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழமும் வைத்தது வைத்தபடி நசுங்காமல் இருந்தன.

ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். இரண்டு நாள் அப்படியே இழுத்தது. கடைசியில் எடுக்கவில்லை, ஆனால் மூன்று விரற்கடை குட்டையாகிவிட்டது. போலீஸ்காரர் வந்து கேட்டபோது வேலு, "நாந்தான் கியரை மாத்திப் போட்டுட்டேன்" என்றான். நான் பக்கத்தில் நின்றேன். மயக்கம் தெளிந்து உன் அம்மா என்னைக் கேட்டாள், எப்படி ஆச்சு என்று. "உன் தம்பி கவனிக்காம போட்டுட்டான்" என்றேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு எனக்கே அது நிஜமாகத் தோன்ற ஆரம்பித்தது. விபத்து நடந்த அன்றே பொழுது சாயுமுன் குமிழைக் கழற்றி, ஒரு தகர டப்பாவில் போட்டு, அலமாரி மேல் வைத்தேன். உன் அம்மா வீட்டுக்கு வந்த பிறகு வேலு ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அவன் வரவில்லை. வண்டி ஓட்டுவதையும் விட்டுவிட்டான். இன்றைக்கும் துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணுகிறான். பதின்மூன்று வருஷம்.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. நான் அறிவுரை சொல்லும் லட்சணத்தைப் பார்த்தாய் அல்லவா, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வீட்டில் சண்டை வரும். வராவிட்டால் இரண்டில் ஒருவர் பயந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கோபம் வந்தால் ஒரு வாரம் பேசாமல் இரு, என்னைப்போல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள், அது நம் குடும்ப வழக்கம்தான். ஆனால் அடுத்த ஆளுக்குத் தெரிய வேண்டியது எதுவோ அதைச் சொல்லிவிட்டு அப்புறம் பேசாமல் இரு. அடுப்பில் எண்ணெய் காய்கிறது, படியில் தண்ணீர் கொட்டிக் கிடக்கிறது, கியர் மாறியிருக்கிறது. இதையெல்லாம் கேட்டால்தான் சொல்வேன் என்று நிற்காதே. அவள் கேட்கட்டும் என்று காத்திருக்கும் அந்த இடத்தில்தான் எல்லாம் நடந்துவிடுகிறது.

நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டு நாள் கழித்து அந்தத் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு புக்கிட் மேராவில் வேலுவின் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவன், ஏதோ நேற்றுத்தான் பார்த்தது மாதிரி, "வாங்க அத்தான்" என்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் டப்பாவைத் திறந்து குமிழை அவன் முன்னால் வைத்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைப் பேருந்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். கடைசியில், "இதை மாட்டினது நான்தான், வேலு. உங்கிட்ட சொல்லாம நின்னதும் நான்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் குமிழைக் கையில் எடுத்து, விரலால் எண்ணைத் தடவினான். "எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தான். இந்த ஒண்ணைப் பார்த்துத்தான போட்டேன்" என்றான்.

"அப்ப ஏன்டா சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? அக்காகிட்டயா? கால் இருக்குமா போகுமான்னு கிடக்குறா. புருஷன்தான் காரணம்னு சொன்னா அவ எங்க போவா? உங்க கூடத்தான இருக்கணும், உங்க கையப் பிடிச்சுத்தான எந்திரிக்கணும். தம்பின்னா வெறுத்துட்டு இருந்துரலாம் லா. ஒண்ணும் கெட்டுப்போகாது." அப்புறம் குமிழை டப்பாவுக்குள் போட்டு மூடி, என் பக்கம் தள்ளினான். "இப்பவும் சொல்லாதீங்க. பையன் சொன்னது என் காதுக்கும் வந்துச்சு. நான் கல்யாணத்துக்கு வராம இருந்துக்கறேன். பேசாம விடுங்க."

நான் அங்கே அழுதேன். என் வாழ்நாளில் என்னைச் சிறியவனாக உணர்ந்தது அந்த நாற்காலியில்தான். ஆனால் அவன் சொன்னபடி பேசாமல் விடவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். "அவன் கேக்கணும்னு நின்னீங்களா?" என்று ஒன்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "வாசல் வரைக்கும் வந்தவனுக்கு நான் ஒரு வாய் தண்ணி குடுக்கல. பதிமூணு வருஷம்" என்றாள். கீரையை அப்படியே வைத்துவிட்டு இரண்டு சேலையைப் பையில் திணித்தாள். நான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "வேண்டாம். பஸ்ஸு இருக்கு" என்று சொல்லிவிட்டு, கோலை ஊன்றிக்கொண்டு தனியாகப் போனாள். வேலு வீட்டின் அந்த மூன்று மாடிப் படிகளையும் எப்படி ஏறினாள் என்று எனக்குத் தெரியாது. இன்றோடு நான்கு நாள். வேலு நான்கு நாள் நம் வீட்டில் சாப்பிடாமல் இருந்தது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அவள் திரும்பி வருவாளா என்று கேட்டு அனுப்பவில்லை. கேட்க எனக்கு என்ன இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த ரயிலில் வா. தேக்காவில் நல்ல வெற்றிலையாகப் பார்த்து வாங்கு, பழம் வாங்கு, தட்டில் வைத்து நீயே புக்கிட் மேராவுக்குத் தூக்கிக்கொண்டு போ. ஆள் விட்டு அனுப்பாதே, தபாலில் பத்திரிகை அனுப்பாதே. மாமா காலில் விழு. அவன் வேண்டாம் என்பான், விடாதே. டப்பாவை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அந்தக் குமிழை நீ வைத்துக்கொள், உன் வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் வை.

மற்றபடி, அம்மாவின் காலை முறித்த ஆள் உன் மணவறைப் பக்கம் நிற்கக் கூடாது என்று பத்துப் பேர் முன்னால் சொன்னாய். சரியாகத்தான் சொன்னாய், அதில் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. தாய்மாமன் முன்னால் நிற்கட்டும். நான் மண்டபத்து வாசலில், செருப்பு விடுகிற இடத்தில் நிற்கிறேன். உள்ளே வரச் சொல்வதா வேண்டாமா என்பதை நீயும் உன் அம்மாவும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா